இடது மேல் மூலை

“டிக்” என்றது.

திருப்போரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, கிருத்திகைக் கூட்டம் வழிந்துகொண்டிருந்த டீக்கடை. அப்போதுதான் கழுவிக் கவிழ்த்த கண்ணாடி கிளாஸில் கொதிக்கக் கொதிக்க டீயை ஊற்றினார் கடைக்காரர். அவ்வளவுதான். ஹாரன், அரோகரா, பூக்காரிகளின் கூவல் எல்லாவற்றுக்கும் அடியில் நழுவி வந்து என் காதைத் தேடிப் பிடித்தது அந்தச் சத்தம். நகத்தை நகத்தால் சுண்டுகிற அளவுதான் இருக்கும்.

“எவன் கண்ணு பட்டுச்சோ” என்று சொல்லிக்கொண்டே மேசையைத் துடைத்தார்.

எல்லோரும் ஒழுகிய டீயைப் பார்த்தார்கள். நான் கைகளைப் பார்த்தேன். எந்தக் கை அந்த கிளாஸுக்குப் பக்கத்தில் இருந்தது, எது சட்டென்று விலகியது, எது பைக்குள் போனது. பழக்கம். வேலையை விட்ட பிறகும் பழக்கம் விடவில்லை.

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், சவுக்குத் தோப்புக்கும் மனை விற்கிற பலகைகளுக்கும் நடுவே, ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம். அங்கே நாங்கள் ஒளியால் கண்ணாடியில் எழுதிக்கொண்டிருந்தோம். லேசர் கண்ணாடியின் தோலைக் கிழிக்காமல் உள்ளே இறங்கும். சொன்ன ஆழத்தில், சொன்ன கோட்டில் மட்டும் ஒரு காயம் செய்யும். துடிப்பு துடிப்பாக வருகிற ஒளி அது. இமைக்கிற நேரம் என்று சொன்னால்கூட அதற்கு அது ஒரு யுகம். வெளியே எடுத்த சில்லைப் பார்த்தால் போனபடியே இருக்கும். தெளிவாக, ஈரம் பட்டதுபோல, ஒன்றும் அறியாத முகத்தோடு. அந்த முகத்தை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

எழுதிய சில்லைச் சூடான காரத் தொட்டியில் ஊறப்போடுவார்கள். காயம் பட்ட இடத்தைத்தான் காரம் முதலில் தின்னும். தின்ற இடம் தலைமுடி அகலத்தில் வாய்க்காலாகும். அதில் ஒரு சொட்டு ரத்தம் ஓடும். பக்கத்தில் எழுதிய வேறொரு கோட்டில் வெளிச்சம் ஓடும். ரத்தத்தில் இருப்பது என்னவென்று வெளிச்சம் வந்து சொல்லும். மருத்துவக் கருவி செய்கிற வெளியூர்க் கம்பெனி ஒன்று எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்தது.

கடைசி மேசை என்னுடையது. தொட்டியிலிருந்து வந்த சில்லை இரண்டு கறுப்புத் தாள்களுக்கு நடுவில் வைப்பேன். ஒன்று விடுகிற வெளிச்சத்தை மற்றது மறித்துவிடுகிற தாள்கள். அதனால் எல்லாம் இருட்டாகத் தெரியும். கண்ணாடிக்குள் எங்காவது இறுக்கம் இருந்தால், வலி இருந்தால், அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் கசியும். கசிந்தால் ஒதுக்க வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தேகப்படுகிற வேலை. வீட்டுக்கு வந்தும் கேஸ் அடுப்பைத் திரும்பப் போய்ப் பார்ப்பேன், தக்காளிக்காரர் தட்டில் விரல் வைக்கிறாரா என்று பார்ப்பேன், பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பேன்.

லேசரை ஓட்டியவர் என் வயதுக்காரர். திருக்கழுக்குன்றத்துப் பக்கம் நிலபுலத்தோடு இருந்த குடும்பம். நிலம் மனைகளான பிறகு அவர் இயந்திரத்துக்கு வந்தார். விபூதி இல்லாத நெற்றியோடு நான் அவரைப் பார்த்ததில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். அன்றைய வேலைகளை எழுதுகிற வெள்ளைப் பலகையின் உச்சியில் அவர் போட்ட பிள்ளையார் சுழி ஒன்று இருந்தது. பலகையைத் துடைக்கிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு துடைப்பார்கள். இருந்து இருந்து, அதை யாரும் பார்ப்பதே இல்லை என்றாகிவிட்டது.

தொட்டியைப் பார்த்துக்கொண்டவள் எங்களைவிட மிகவும் இளையவள். செங்கல்பட்டிலிருந்து நாங்கள் வருகிற கம்பெனி வேனில் பாதி வழியில், மாதாகோவில் நிறுத்தத்தில் ஏறுவாள். அவள் அம்மா வரை பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். இவள் வேதியியல் படித்துவிட்டுக் காண்ட்ராக்டில் சேர்ந்திருந்தாள். அந்த மாதக் கடைசியில் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. பேச்சை நம்பி அவள் வீட்டில் கூரையைப் பிரித்துச் சுவரை உயர்த்த ஆரம்பித்திருந்தார்கள். மழைக்கு முன் தளம் போட்டாக வேண்டும். வேனில் ஏறியதும் முதலில் வானத்தைத்தான் பார்ப்பாள்.

இடது கைக்காரி. இடுக்கியால் அவள் சில்லைத் தூக்குவதைத் தொட்டியறைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். கொக்கு மீனைக் கொத்துகிற மாதிரி இருக்கும். மீனுக்கு மட்டும் வலிக்காது.

“பீச்சாங்கையால தூக்கிகினு கீறியே, சாமி குத்தம் ஆவப்போவுது பாரு” என்பார் லேசர்காரர்.

“உங்க சாமிதான அண்ணாத்த? எங்கையாண்ட வர்றதுக்குள்ள தொட்டிலயே கரஞ்சிபூடும்” என்பாள் அவள்.

சிரிப்போம். அந்தப் பேச்சை நான் பின்னால் எத்தனையோ தடவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

புதிய வரைபடம் வந்ததும் ஆரம்பித்தது தொல்லை. கண்ணாடி விலை கூடிவிட்டது, ஓரத்தில் ஒன்றும் வீணாக வேண்டாம் என்று சொல்லிச் சில்லின் அளவைக் குறைத்திருந்தார்கள். நாங்கள் அனுப்பினோம். அவர்கள் அதை உலோகச் சட்டத்தில் பொருத்தித் திருகாணியை முடுக்கியிருக்கிறார்கள். டிக். அடுத்தது. டிக். பெட்டி திரும்பி வந்தது. திறந்தால் உள்ளே ஒவ்வொன்றிலும் ஒரே விரிசல், ஒரே இடத்திலிருந்து கிளம்பியது. இடது மேல் மூலை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அந்த மூலையில் கடித்தது மாதிரி ஒரு பொடிப் பள்ளம். பள்ளம் இருந்தது எங்களுக்கு முன்பே தெரியும். பொருத்துகிற ஓரத்தில்தானே, ஒன்றும் செய்யாது என்று நான்தான் விட்டிருந்தேன்.

மேனேஜர் சென்னையிலிருந்து காரில் வருகிறவர். எங்களை எல்லாம் நிற்க வைத்தார்.

“பக்கத்துல கல்லு கொத்தறாங்க சார். அந்தத் தூசா இருக்கும்” என்றார் ஒருவர்.

“உப்புக் காத்து” என்றார் இன்னொருவர்.

“கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்ஸு போவ சொல்லோ தர அதிருது சார்” என்றார் லேசர்காரர்.

மேனேஜர் சிரிக்கவில்லை. “தூசிக்கும் காத்துக்கும் பஸ்ஸுக்கும் இடது மேல் மூலைதான் பிடிக்குமா? மூலைன்னா அது கை. இங்க யாரு இடது கை?”

யாரும் பெயர் சொல்லவில்லை. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அவள் இடது கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். ஒரு கையை இப்படி ஒளிக்கிறாளே, என்னமோ இருக்கிறது என்று அப்போது எனக்கும் தோன்றியது. ஒளிக்காமல் இருந்திருந்தால், பார் எவ்வளவு திமிர் என்று தோன்றியிருக்கும்.

பிறகு மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நீங்க கொஞ்சம் கவனிங்கம்மா. அந்தப் பொண்ணோட பர்மனென்ட் ஆர்டர் என் மேசைலதான் இருக்கு. இன்னொரு பெட்டி திரும்பி வந்துதுன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். காண்ட்ராக்டும் அதோட முடிஞ்சுது.”

என் நாற்காலியைத் தொட்டியறைக் கதவு தெரிகிறபடி திருப்பிப் போட்டேன். மின்விசிறிக் காற்று வேண்டும் என்று சொன்னேன். அந்தக் கட்டடத்தில் மின்விசிறியே கிடையாது, எல்லாம் ஏசி. யாரும் கேட்கவில்லை. அவள் மட்டும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு வந்து என் மேசை முன் நின்றாள். இடது கையை விரித்து நீட்டினாள்.

“எங்கையையே பாத்துகினு கீறீங்களேக்கா. ரேக பாக்கத் தெரியுமா? எப்போ தளம் போடுவேன்னு பாத்துச் சொல்லுங்க.”

கையில் காரம் பட்டு உரிந்த இரண்டு விரல்கள். நான் ரேகை பார்க்கவில்லை. நகத்தடியில் கண்ணாடித்தூள் இருக்கிறதா என்று பார்த்தேன். அவளும் நான் எதைப் பார்க்கிறேன் என்று பார்த்தாள். கையை மடக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து வலது கைக்கு மாறினாள். பழகாத கை. இடுக்கி நடுங்கியது. ஒரு சில்லு நழுவித் தொட்டிக்குள் விழுந்த அன்று மேனேஜர் அந்தப் பக்கமாக நடந்துகொண்டிருந்தார். என்னை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். பார்த்தீர்களா என்ற பார்வை.

நான் பார்த்தது வேறு. வலது கையால் தூக்குகிறவள் வலது கீழ் மூலையைத்தான் பிடிக்கிறாள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் புறம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படித் தூக்கிய சில்லுகள் என் மேசைக்கு வந்தன. வலது கீழ் மூலை சுத்தமாக இருந்தது. இடது மேல் மூலையில் அதே பள்ளம்.

அப்படியானால் இவள் இல்லை. நிம்மதி என்று சொல்ல மாட்டேன். சந்தேகம் ஓர் இடத்திலிருந்து எழுந்தால் உட்கார இன்னோர் இடம் தேடும். அது நேராக லேசர் அறையைப் பார்த்துத் திரும்பியது.

ஏன் அவர் எல்லோருக்கும் முன்னால் வருகிறார்? அவர் மச்சினியும் வேதியியல் படித்தவள், தொட்டியறையில் இடம் இருந்தால் சொல்லுங்கள் என்று அவர் மேனேஜரிடம் கேட்டது எனக்குத் தெரியும். கேட்டது தவறா? இல்லை. ஆனால் எப்போது கேட்டார்? பெட்டி திரும்பி வருவதற்கு முன்னா, பின்னா? நினைவைப் பிசைந்து பிசைந்து பார்த்தேன். பின்னால்தான் என்று ஒருநாள் படும், முன்னால்தான் என்று மறுநாள் படும்.

ஒரு காலை வேனுக்குக் காத்திராமல் பஸ் பிடித்துப் போனேன். லேசர் அறைக் கதவில் பாதுகாப்புக்காகப் பதித்த ஆரஞ்சு நிறக் கண்ணாடிச் சதுரம் உண்டு. அதற்குள் உலகமே ஆரஞ்சாக இருந்தது. அவர் திரையில் குனிந்திருந்தார். திரையில் ஏதோ வளைந்து சுழன்று அடங்கியது. கதவைத் தட்டினேன். திரும்புவதற்கு முன்பே அவர் கை திரையை மறைத்துவிட்டது.

“இன்னா மேடம், சீக்கிரமே?”

“வேன் வரல.”

“அப்டியா? டிரைவரு இப்பத்தான் போன் பண்ணான், செங்கல்பட்டுல நிக்கறேன்னு.”

இரண்டு பேரும் சிரித்தோம். இரண்டு சிரிப்பும் பல்லோடு நின்றன.

அன்று மதியம் அவர் சாப்பிடப் போனதும், தொட்டிக்குப் போகக் காத்திருந்த தட்டிலிருந்து ஒரு சில்லை எடுத்தேன். எழுதப்பட்டது, ஆனால் இன்னும் ஊறாதது. இத்தனை வருடத்தில் அப்படிப்பட்ட ஒன்றை என் மேசைக்கு நான் கொண்டுவந்ததே இல்லை. முறை அதுதானே: எழுது, ஊறவை, பிறகு பார். கறுப்புத் தாள்களுக்கு நடுவில் செருகினேன். இருட்டு. நடுவில் வாய்க்காலாகப் போகிற கோடுகள் சாம்பலாக மினுங்கின. இடது மேல் மூலையில், வரைபடத்தில் இல்லாத ஒரு மினுக்கல். மைக்ரோஸ்கோப்பைத் தாழ்த்திக் குவிக்கிற வட்டத்தைத் திருகினேன். மங்கல் கூடிக் கூடி உருவமானது. ஒரு சுழிப்பு, ஒரு வால், கீழே இரண்டு சின்னக் கோடு.

பிள்ளையார் சுழி.

எத்தனையோ பரீட்சைத் தாள்களின் தலையில், கல்யாணச் சாமான் பட்டியல்களின் தலையில் பார்த்ததுதான். கண்ணாடிக்குள், வெளிச்சத்தால் ஆகி, இருட்டில் மிதந்துகொண்டிருந்தபோது எனக்குக் கை கூப்பத் தோன்றவில்லை.

புரிந்தது. கண்ணாடியின் மேல்விளிம்பைத் தொட்டபடி எழுதியிருக்கிறார். காரத் தொட்டிக்கு வாய்க்கால் எது, சாமி எது என்று தெரியாது. காயம் பட்ட இடத்தைத் தின்னும். சுழி கரைந்து வெறும் பள்ளமாகும். பார்க்கிறவர்களுக்கு இடுக்கி கடித்த தடம். திருகாணி முடுக்கும்போது அந்தப் பள்ளத்திலிருந்து விரிசல் கிளம்பும். காரம் சாட்சியைத் தின்றுமுடித்த பிறகுதான் சில்லு என்னிடம் விசாரணைக்கே வந்துகொண்டிருந்தது.

போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். சாயங்காலம், கட்டடத்துக்குப் பின்னால் அவர் டீ குடிக்கிற இடத்துக்குப் போய் நீட்டினேன். அவர் பார்த்தார். பார்த்ததும், என்ன ஏது என்று கேட்காமல், இடது கையில் டீயோடு வலது கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“நல்லாத்தான் வந்துகீது” என்றார்.

“இது எதுக்கு?”

“இன்னா எதுக்கு? வந்த நாளாப் போட்டுகினுதான் கீறேன். லேசரத் தொறந்தா மொதோ ரெண்டு மூணு கோடு தடிச்சி வரும் மேடம். பேனா எழுதுதான்னு ஓரத்துல கிறுக்கிப் பாக்கறதில்ல? சும்மா கிறுக்கறதுக்கு ஒரு சுழி. ஓரந்தான? தொட்டிக்குப் போறதுக்கு முன்ன நானே வெட்டிப் போட்டுடுவேனே.”

“இப்போ ஓரம் எங்க இருக்கு?”

டீ கிளாஸ் அவர் உதட்டருகே நின்றது. பக்கத்துச் சிற்பக் கூடத்தில் கல் அறுக்கிற இயந்திரம் ஓய்ந்து, மறுபடி எழுந்தது.

“அட… ஆமால்ல” என்றார்.

அந்த ‘ஆமால்ல’வைத்தான் என்னால் இன்றுவரை தீர்க்க முடியவில்லை. நிஜமாகவே அப்போதுதான் உறைத்ததா? இல்லை, என்றைக்காவது கேட்பார்கள் என்று வாய்க்குள் தயாராக வைத்திருந்ததா? ஓரமே இல்லாத வரைபடத்தைத் தினமும் ஓட்டுகிற மனிதர். காலையில் திரையை ஏன் மறைத்தார்? சாமிக் காரியம், பார்த்தால் மேனேஜர் திட்டுவார் என்றா? இருக்கலாம். இருக்கலாம் என்பது எவ்வளவு வழுக்கலான தரை.

“மேனேஜராண்ட சொல்லிகினு இருக்காதீங்க. நாளைலேர்ந்து போட மாட்டேன். தன்னால நின்னுபூடும்” என்றார் தாழ்ந்த குரலில்.

“நின்னா என்ன பேராகும்? அவ கைய நான் பாத்துக்கிட்டு உக்காந்தேன், அதனால நின்னுதுன்னு ஆகும். அந்தப் பொண்ணு வீட்டுல கூரை இல்லாம கிடக்குது.”

அவர் மிச்ச டீயைத் தரையில் கொட்டினார்.

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். நீங்க சொல்லலேன்னா நான் சொல்வேன்.”

“ரொம்ப சந்தேகம் புட்ச்ச ஆளு மேடம் நீங்க.”

“அதுக்குத்தான் சம்பளம்.”

சொன்னார். காலையிலேயே சொல்லிவிட்டார். அவர் பாணியில்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டபோது முகமெல்லாம் மலர்ச்சி. “இவர் கண்டுபிடிச்சிட்டார்ம்மா! மெஷின் ஆரம்பிக்கிறப்போ ஒரு டெஸ்ட் மார்க் விழுதாம். பழைய டிசைன்ல ஓரத்தோட போயிடும், புது டிசைன்ல மாட்டிக்குது. ராத்திரியெல்லாம் யோசிச்சிருக்கார்.”

லேசர்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். விபூதி வழக்கத்தைவிடப் பட்டையாக இருந்தது.

மார்க்குக்கு என்ன வடிவம் என்று கேளுங்கள் சார் என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் பேச்சு சாமிக்குத் திரும்பும், சாமியிலிருந்து யார் எந்தச் சாமி என்று திரும்பும், கடைசியில் மறுபடி அவள் தலையில் போய் நிற்கும். விழுங்கினேன். “சோதிச்சுப் பாத்துடலாம் சார். மார்க்கோட ஒண்ணு, இல்லாம ஒண்ணு. அந்தப் பொண்ணே ரெண்டையும் தூக்கட்டும். இடது கையால. இடது மேல் மூலைலயே பிடிச்சு” என்றேன்.

தொட்டியறைக்குப் போய் அவளிடம் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள்.

“நானும் பரிச்ச பேப்பர்ல மேல சிலுவ போட்டவதாங்க்கா” என்றாள். “ஆனா எம் பேப்பர்லதான் போட்டேன்.”

இரண்டு சில்லும் ஊறி முடிகிறவரை காத்திருந்தோம். அவள் முகக்கவசம், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு இடுக்கியை எடுத்தாள். இடது கையில். பல நாளுக்குப் பிறகு அந்தக் கை தன் இடத்துக்கு வந்தது; கொக்கு இறங்கியது. முதல் சில்லின் இடது மேல் மூலையைப் பிடித்தாள். வேண்டுமென்றே அழுத்திப் பிடித்தாள் என்று நினைக்கிறேன். இரண்டாவதையும் அப்படியே.

திருகாணியை மேனேஜரே முடுக்கினார். முதல் சில்லு பாதிச் சுற்றில் டிக் என்றது. இரண்டாவதில் முடுக்கினார், முடுக்கினார், விரல் வெளுக்கும்வரை முடுக்கினார். அது சும்மா இருந்தது.

“சரி” என்றார் மேனேஜர். அந்த ஒரு சொல்தான். மன்னிப்பு மாதிரி ஒன்று வரும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

வெளியே வந்ததும் லேசர்காரருக்குக் குரல் திரும்பிவிட்டது. “புள்ளையாருக்கு நாம தேங்கா ஒடப்போம். இங்க புள்ளையாரே நம்மளத எல்லாம் ஒடச்சிட்டாரு!” என்றார். வெள்ளைப் பலகைச் சுழியை அறிந்த எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜருக்கு மட்டும் புரியவில்லை. அவள் சிரிக்கவில்லை, அவரையே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். என் மேசையில் நான் பார்க்கிற பார்வை அது.

சாயங்காலம் வேனில் அவள் மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் அந்த நிரந்தர ஆர்டர் இருந்தது. இரண்டு வரிசை முன்னால் லேசர்காரர் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார், அல்லது தூங்குகிறவர் மாதிரி வந்தார். மேற்கே மேகம் திரண்டிருந்தது. திருக்கழுக்குன்றத்தில் அவர் இறங்கிப் போனபிறகு அவள் மெல்லக் கேட்டாள்.

“அண்ணனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமாக்கா?”

“தெரியலம்மா.”

“உங்களுக்கே தெரியலியா?”

வழியில் எங்கோ மண்வாசனை எழுந்து வேனுக்குள் வந்தது. அவள் எட்டி வானத்தைப் பார்த்தாள்.

“இந்த வாரம் தளம் போட்டுடுவீங்கல்ல?” என்றேன்.

“ம்.”

மாதாகோவில் நிறுத்தம் வந்தது. உறையைத் துப்பட்டாவுக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டு இறங்கினாள். வேன் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாள்.

“அக்கா, நாளைலேர்ந்து என்னுத அப்பறம் பாருங்க. மொதல்ல அவுரு எழுதுனதப் பாருங்க.”